ஆறரை டைல்ஸ் தூரம்

தச்சநல்லூரில் எழுபதைத் தாண்டிய எந்த ஆச்சியிடமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். கேட்பதைவிட அவர்கள் நடையைக் கணக்கெடுப்பது மேல்.

தார்சாவில் 4 மீட்டர் அளந்து சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். இரண்டடி டைல்ஸ் என்றால் ஏறக்குறைய ஆறரைக் கல். முதல் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னாலிருந்தே வழக்கம்போல் நடந்துவரச் சொல்லி, கோட்டுக்குக் கோடு ஆகும் நேரத்தை செல்போனில் பாருங்கள். 5 விநாடி என்றால் விநாடிக்கு 0.8 மீட்டர், வேகம் அதைவிடக் குறைந்தால் கவனிக்க வேண்டும். 34,485 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒன்பது ஆய்வுகளின் தொகுப்பு 2011-இல் வெளிவந்தது. வயது, பாலினம், நடைவேகம் மூன்றை மட்டும் வைத்து ஆயுளைக் கணித்தால், நோய்கள், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் சேர்த்துக் கணித்ததற்கு அது ஈடாக நின்றது. 2017-18-இல் நம் நாட்டில் நடந்த முதியோர் ஆய்வான 'லாசி'யிலும் இந்த நடைச் சோதனை உண்டு.

இதயம், நுரையீரல், தசை, மூட்டு, நரம்பு, கண், மூளை எல்லாம் ஒத்துழைத்தால்தான் ஓர் எட்டு எடுத்துவைக்க முடியும். எது தளர்ந்தாலும் நடையில் தெரியும்.

கைக்கடிகாரக் கருவி நாள் முழுவதும் காலடியை எண்ணி நடையைக் கணக்கெடுக்கிறது. உள்ளே சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று தொங்குகிறது. உடம்பு அசைந்தால் அதுவும் அசையும். பக்கத்துத் தகட்டுக்கும் அதற்குமான இடைவெளி மாறும். அந்த மாற்றம் மின்குறியாகப் பதிவாகும். சீராகத் திரும்பத் திரும்ப வரும் அசைவைக் காலடி என்று எண்ணிக்கொள்ளும். ஏமாறவும் செய்யும். மாவு பிசைந்தால் சில நேரம் அதையும் நடை என்று எண்ணும்; வாக்கரைப் பிடித்துக் காலை இழுத்து நடந்தால் பாதியை விட்டுவிடும். செல்போனை நம்புவது அதைவிட மோசம், ஆச்சியின் போன் பெரும்பாலும் பிரிட்ஜ் மேல்தான் இருக்கும்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்ற இலக்கை வைத்துப் பயமுறுத்தவும் வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் விற்ற நடைமானியின் பெயரிலிருந்து கிளம்பியது. ஆச்சியின் போன மாதக் கணக்கோடு இந்த மாதத்தை ஒப்பிட்டால் போதும். மூவாயிரம் நடந்தவர் காரணமில்லாமல் ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்துவிட்டால், "வயசாச்சுல்லா" என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவே இருக்கலாம். அந்தக் கணக்கைக் குறித்துவைத்து, டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு காட்டுங்கள்.