விலையும் விளைவும்



தென்னந்தோப்பு ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உழவு, உரம், கூலி யாவும் போக ஆண்டொன்றுக்கு 50,000 ரூபாய் மிச்சம் தரும் தோப்பு அது. உரியவர் கேட்கும் விலையோ ஒரு கோடி. விலையை வருவாயால் வகுத்துப் பாருங்கள். இட்ட முதல் திரும்ப 200 ஆண்டுகள் ஆகும் என்று விடை வரும். ‘ஐயா, தோப்பில் பாதி இளங்கன்று, அவை காய்க்கத் தொடங்கினால் வருவாய் பெருகுமே’ என்று தரகர் சொல்லக்கூடும். அது பொய்யன்று. ஆயினும், எத்தனை கன்று, அவை எப்பொழுது காய்க்கும் என்று கேளாமலே பணத்தை எண்ணிக் கொடுப்பவர் உண்டா?

உண்டு. அமெரிக்க நாட்டில் 1999ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் எண்ணற்றோர் அவ்வாறு கொடுத்தனர். அவர்கள் வாங்கியது தோப்பன்று. இணையத் தொழிலில் இறங்கிய கம்பெனிகளின் பங்குகள். பங்கு என்பது ஒரு கம்பெனியின் உடைமையில் சிறு கூறு. கம்பெனி ஈட்டும் இலாபத்தில் உரிமை தருவதால்தான் அதற்கு மதிப்பு உண்டாகிறது. இதனை அறியாதவர் அல்லர் அம்மக்கள். ஏறுகிற விலையைப் பார்த்தபின் அவர்களுக்கு அது நினைவில் நிற்கவில்லை.

1998 நவம்பரில் ‘திகுளோப்.காம்’ என்னும் கம்பெனி தன் பங்கை 9 டாலர் விலையில் முதன்முறையாக வெளியிட்டது. அன்று மாலை அதன் விலை 63 டாலர் 50 சென்டு. ஒரே பகலில் ஏழு மடங்கு! இங்கே நீங்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 9 டாலர் விலையில் பங்கு பெற்றோர் பெரும்பாலும் பெருநிதி நிறுவனங்களும் தரகு நிலையங்களுக்கு வேண்டியவர்களுமே. செய்தியைக் கேட்டு ஓடிவந்த சாமானியர் சந்தையில் வாங்கினர். அன்று பகலில் விலை 90 டாலரையும் கடந்திருந்தது. ஏழு மடங்கு என்ற செய்தி ஒருவருடையது. கொடுத்த விலை மற்றொருவருடையது. 2001இல் அப்பங்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கிற்று.

அது வலுவற்ற கம்பெனி என்பீர்கள். சரி, வலுவுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். இணையத்தின் செய்திகளை வழிப்படுத்தும் கருவிகளைச் செய்வது ‘சிஸ்கோ’. 2000 மார்ச்சில் அதன் பங்குகள் அனைத்தின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 55,500 கோடி டாலர். உலகிலேயே மதிப்பு மிகுந்த கம்பெனியாக அது சிறிது காலம் விளங்கிற்று. அவ்வாண்டில் அதன் நிகர இலாபம் ஏறத்தாழ 270 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்; நம் தென்னந்தோப்பேதான்! கன்றுகள் பின்னர்க் காய்க்கவும் செய்தன; பிற்காலத்தில் அதன் ஆண்டு இலாபம் 1,000 கோடி டாலரைக் கடந்தது. ஆயினும், 80 டாலர் அளவில் விற்ற பங்கு 2002இல் 10 டாலருக்கும் கீழே வந்தது. 20 ஆண்டுகள் சென்ற பின்னும் பழைய விலையை அது எட்டவில்லை. வருங்கால விளைவு முழுவதையும், அதற்கு மேலும், முன்னரே விலையாகக் கொடுத்துவிட்டால் பிறகு பெறுவதற்கு என்ன எஞ்சும்?

இத்தகைய கம்பெனிகள் மிகுந்த நாஸ்டாக் சந்தையின் குறியீட்டெண் 2000 மார்ச்சு 10ஆம் நாள் 5,048. 2002 அக்டோபர் 9ஆம் நாள் 1,114. பழைய உச்சத்தை அது மீண்டும் கண்டது 2015இல்தான்.

‘அமேசான் என்ன ஆயிற்று?’ என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1999இல் அதற்கு இலாபமே இல்லை. ஆண்டு முழுமைக்கும் இலாபம் கண்டது 2003இல்தான். ஆகவே வகுப்பதற்கு எண்ணே இல்லாத கணக்கு அது. அதனை ஒதுக்கியவர்கள் பெருஞ்செல்வத்தை இழந்தார்கள் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் 1999 டிசம்பரில் 107 டாலர் கொடுத்து வாங்கியவர், 2001இல் அது 6 டாலராகக் கண்முன் கரைவதைப் பார்த்தும் விற்காமல் இருந்திருக்க வேண்டும். பழைய விலை திரும்பியது 2009இல். பெருஞ்செல்வர் பத்தாண்டு காத்திருக்கலாம். சாமானியரின் சேமிப்புக்கோ பெரும்பாலும் ஒரு நாள் குறித்திருக்கும்: பிள்ளையின் படிப்பு, வீட்டில் ஒரு திருமணம்.

என்னிடம் கணக்குப் பயின்ற மாணவன் ஒருவன் அந்நாளில் கலிபோர்னியாவில் பொறியாளனாக இருந்தான். 1999 டிசம்பரில் ஊருக்கு வந்தவன் என்னைக் காண வந்தான். தங்கையின் திருமணத்திற்கென்று சேர்த்த தொகை முழுவதையும் ஓர் இணையக் கம்பெனியின் பங்குகளில் இட்டதாகவும், ஓராண்டில் அது மும்மடங்கானதாகவும் மகிழ்ச்சியோடு கூறினான். அக்கம்பெனி என்ன ஈட்டுகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். வகுத்தலை அவனுக்குக் கற்பித்தவன் நானல்லவா? கேட்கவில்லை. மாதச் சம்பளக்காரனாகிய எனக்குச் சிறிது பொறாமையாகவும் இருந்தது.

2002இல் மீண்டும் வந்தான். அவன் தந்தையார் நிலத்தை அடகு வைத்துத்தான் அத்திருமணம் நடந்திருந்தது. அக்கம்பெனி ஆண்டுக்கு எவ்வளவு ஈட்டியது என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஒரு காலாண்டில்கூட இலாபம் கண்டதில்லை, ஐயா, என்றான்.