கொடியிடம் நோயைக் கேட்பவர்கள்

திராட்சைக்கு விசிறி இலை நோய் என்று ஒன்று உண்டு. இலை பாதி விரித்த விசிறிபோல உருமாறும். குலையில் மணிகள் ஒழுங்காகப் பிடிக்காமல் பெரிதும் சிறிதுமாகத் தொங்கும். கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே குழியில் புதிதாக நட்டாலும் நோய் திரும்ப வரும். குற்றவாளி மண்ணில்தான் இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் பணியாற்றிய வில்லியம் ஹியூவிட், டூயி ராஸ்கி, ஆஸ்டின் கோஹீன் மூவரும் 1958இல் அதைப் பிடித்தார்கள். சுமார் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள நூற்புழு அது. ஊசி போன்ற வாயால் வேரில் சாறு உறிஞ்சும்போது நோயை உண்டாக்கும் வைரஸையும் எடுத்துக்கொண்டு அடுத்த வேரில் விட்டுவிடுகிறது. தாவர வைரஸை நூற்புழு பரப்புவது உலகில் முதன்முதலாக நிரூபிக்கப்பட்டது அப்போதுதான்.

ஆனால் வைரஸ் ஆய்வாளரின் பெரிய சோதனை, நோயை வெளிக்காட்டாத கொடிதான். பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும். உள்ளே வைரஸ் இருக்கும். இதற்கு ஆய்வாளர்கள் கையாண்ட வழி அழகானது. சந்தேகக் கொடியின் மொட்டை எடுத்து, நோயை மறைக்கத் தெரியாத இன்னொரு ரகத்தில் ஒட்டுக்கட்டுவார்கள். திராட்சையின் இன்னொரு வைரஸ் நோயான இலைச்சுருள் நோய்க்கு கபர்னே ஃபிராங்க் ரகம். வைரஸ் இருந்தால் அதன் இலை சிவக்கும், நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும், ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருளும். இந்தப் பதிலுக்கு இரண்டு பருவங்கள்கூடக் காத்திருக்க வேண்டும்.

1977இல் கிளார்க், ஆடம்ஸ் இருவரும் தாவர வைரஸ்களுக்கான எலிசா சோதனையை விரிவாக வகுத்துத் தந்தபின் காத்திருப்பு ஓரிரு நாளாகச் சுருங்கியது. சிறு குழிகள் கொண்ட தட்டில் இலைச்சாறு. வைரஸ் இருந்தால் குழி மஞ்சளாகும். வைரஸின் மரபணுப் பொருளைத் தேடும், பின்னர் வந்த பிசிஆர் சோதனை இன்னும் நுட்பமானது.

கருவி எதுவானாலும், எந்த இலையை எப்போது பறிப்பது என்பதில்தான் அனுபவம் பேசுகிறது. விசிறி இலை வைரஸுக்கு வசந்த காலத்து இளந்தளிர் வேண்டும். இலைச்சுருள் வைரஸுக்கோ கோடை முடிவில் அடிப்பக்கத்து முற்றிய இலையின் காம்பு. மாற்றிப் பறித்தால் கருவி 'நோயில்லை' என்றே சொல்லக்கூடும். அதை நம்பி அந்தக் கொடியைத் தாய்க்கொடியாக வைத்தால், அதிலிருந்து நடுவதற்கு வெட்டும் ஒவ்வொரு குச்சியோடும் வைரஸும் புதிய தோட்டத்துக்குப் போகும்.

38 டிகிரி வெப்பத்தில் வளர்த்தும், அரை மில்லிமீட்டர் குருத்து நுனியைத் திசு வளர்ப்பில் எடுத்தும் ஆய்வகத்தில் தூய கன்று உண்டாக்கலாம். தோட்டத்தில் நிற்கும் கொடிக்கு மருந்தே இல்லை, பிடுங்கத்தான் வேண்டும்.