மேட்டில் வீடு, பள்ளத்தில் நீர்

மதுரை என்றதும் கோயிலைச் சூழ்ந்த சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் நினைவிற்கு வரும். இவற்றுக்கு அப்பாலுள்ள வெளிவீதிகள் பழைய கோட்டை நின்ற எல்லையைக் காட்டுவன. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முற்பட்டபோது, சமன் செய்து தருவோருக்கு அந்நிலத்தையே மனையாக அளித்தார். ஆனால் இன்று நான் பேச விரும்புவது, நகருக்கு வெளியே சமவெளியில் எழுந்த எளிய மண்வீடுகளைப் பற்றியே.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் குடியிருப்பு நிலத்தை நத்தம் என்பர். பெரும்பாலும் அது சற்று மேடான இடமாக இருக்கும். அருகே கண்மாய், அதன் மடைக்குக் கீழே வயல், குடிநீருக்குத் தனியே ஊருணி. வீடு கட்ட முனைந்தவர் கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் இறங்கி மண் வெட்டுவார். அதனால் சுவர் உயர்ந்தது, கண்மாயும் ஆழ்ந்தது! நீர்விட்டு மிதித்துக் குழைத்த மண்ணை ஒரு படை வைத்து, அது காய்ந்த பின்னரே மறுபடை வைப்பர். அவசரப்பட்டால் சுவர் பிதுங்கிவிடும். மேலே பனங்கை, அதன்மேல் ஓலை, வசதியுள்ளவர்க்கு நாட்டோடு. வாயிலில் திண்ணை. அது வழிப்போக்கருக்காக என்றே இளமையில் எண்ணியிருந்தேன். சுவரடியை மழை அரிக்காமல் காப்பதும் அதுவே என்பதைப் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன்.

மழையோடு வீட்டிற்குள்ள இவ்வுறவு மிகப் பழையது. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கியது. அங்கே செங்கற் சுவர்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. கூரை ஓடுகளில் நீர் வழிந்தோட வரிப்பள்ளங்களும், கயிற்றால் கட்டத் துளைகளும் இருந்தன. அவ்வூரின் தொன்மை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாக 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தது.

அந்த ஓட்டை வனைந்த கைகள் அறிந்திருந்ததை நாம் மறந்துவிட்டோமோ என்று எனக்கு ஐயம். இப்போது மேட்டை விட்டுப் பள்ளத்தில் மனை பிரிக்கிறோம். 2024 அக்டோபர்ப் பெருமழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்தபோது வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் தன் பழைய வழியைத் தேடியே வந்தது.

மனை வாங்கும் நேயர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அவ்வூர் முதியவர் ஒருவரிடம், "பழைய கலுங்கு எந்தப் பக்கம், ஐயா?" என்று கேட்பது நலம். சென்ற ஆண்டு நானும் ஓரிடத்தில் கேட்டேன். அவர் மறுமொழி கூறாமல், நான் நின்றிருந்த இடத்தையே தம் கைத்தடியால் சுட்டினார்.