கொதும்பு இருக்கக் கவரைக் கொளுத்தலாமா?

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் கேஸ் அடுப்பு இல்லாத வீடு இன்று அரிது. இருந்தாலும் பின்பக்கச் சாய்ப்பில் ஒரு விறகடுப்பு அணையாமல் இருக்கிறது. குளிக்க வெந்நீர், மரச்சீனிக் கிழங்கு, மண்சட்டி மீன்கறி எல்லாம் அதில்தான். ரப்பர் தோட்டங்களில் பழைய மரங்களை வெட்டி மாற்றும்போது விறகுக்கும் பஞ்சமில்லை. அடுப்பின் முதல் தீ எதில் பிடிக்கிறது என்பதில்தான் கோளாறு. பல வீடுகளில் இன்று அது பால் கவர்.

தீ மூட்ட இந்த மாவட்டத்தில் கிடைப்பது போல வேறெங்கே கிடைக்கும்? தென்னை ஒன்றே போதும். பாளை வெடித்துப் பூ விரிந்த பிறகு காய்ந்து விழுகிற கொதும்பு, ஓடம் போல வளைந்து கிடக்கும். நார் ஓடுகிற வாக்கில் பிளந்தால் விரல் தடிமனில் சீவல் சீவலாக வரும். மட்டையின் அடியில் வலைபோல் சுற்றியிருக்கும் சில்லாட்டை, தீக்குச்சியைக் காட்டியதுமே பிடித்துக்கொள்ளும். ஓலைக்கீற்று குபீரென்று எரிந்து நொடியில் அடங்கிவிடும். அதை மட்டும் நம்பி விறகை அடுக்குபவர்கள்தான் ஊதி ஊதிக் கண் சிவக்கிறார்கள். ஓலையில் தீ பிடித்து, கொதும்பில் நின்று, இரண்டு சிரட்டைத் துண்டுகளுக்கு ஏறிவிட்டால் ரப்பர் விறகு தானே பற்றும். தேங்காய்க் கதம்பையை மூட்டுவதற்கு வைப்பது வீண். சேர்ந்த தீயைக் கனலாகக் காத்து வைக்கத்தான் அது. அகஸ்தீஸ்வரம் பக்கம் போனால் பனையின் காவோலையும் பன்னாடையும் இதே வேலையைச் செய்யும்.

திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பொங்கலில் 2009-ஆம் ஆண்டு 25 லட்சம் பெண்கள் கூடியது கின்னஸ் பதிவில் ஏறியது. அந்தப் பொங்கல் நாட்களில் செங்கலோடு சேர்த்துச் சாலையோரம் விலைக்கு வருவது இந்தக் கொதும்பும் ஓலைச் சூட்டும்தான். அதே பொருள் இங்கே தோப்பு தோப்பாக மட்கிக் கிடக்கிறது.

ரப்பர் சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலும் வேகமாகப் பிடிக்கும். ஆனால் கரும்புகை பாத்திரத்தையும் சுவரையும் சேர்த்துக் கரியாக்கிவிடும். முந்திரித் தோட்டில் எண்ணெய் அதிகம், ஆகவே தீயும் அதிகம். தோலைப் பொள்ள வைக்கும் எண்ணெய் அது. அதன் புகை மூக்கிலும் கண்ணிலும் எரிச்சலைக் கிளப்பும். சமையல் அடுப்புக்கு இரண்டும் ஆகாது.

இவற்றின் தீங்கெல்லாம் கவரின் தீங்குக்கு முன்னால் சிறியவை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. பால், தயிர், எண்ணெய் உறைகள் அந்தத் தடைக்குள் வரவில்லை. தினமும் வீட்டுக்குள் வருவது அவைதான், எண்ணெய்ப் பசையோடு எளிதில் பற்றுவதும் அவைதான். ரேஷன் மண்ணெண்ணெய் சுருங்கிய பிறகு, முன்பு ஒரு மூடி எண்ணெய் செய்த வேலையைக் கவர் செய்கிறது.

பால் கவர் பாலிஎத்திலீன். அதில் குளோரின் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அடுப்புக்குப் போகிற கையளவு குப்பையை யார் தரம் பிரிக்கிறார்கள்? பிவிசி துண்டு, வயர் தோல், ஷாம்பு உறை எல்லாம் சேர்ந்தே போகின்றன. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது அரைகுறையாக எரியும்போது டையாக்சின் உண்டாகிறது. அவ்வகையில் மிகக் கொடியதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இலேயே வகைப்படுத்திவிட்டது. பெரிய எரியுலைகளில் குப்பைப் புகையை 850 டிகிரியில் குறைந்தது 2 விநாடி வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. அப்போதுதான் தீ மூட்டிய அடுப்பு அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஊதுகுழலோடு குனிந்திருக்கும் பெண்ணின் முகமோ ஒரு முழ தூரத்தில்.

புகை கலைந்தாலும் சாம்பல் இருக்கிறது. அது கீரைப்பாத்திக்கும் வாழைமூட்டுக்கும் போகிறது. கோழி அந்த மண்ணைக் கிளறித் தின்கிறது. டையாக்சின் கொழுப்பில் தங்கும். குப்பை எரித்த இடங்களைச் சுற்றி மேய்ந்த கோழிகளின் முட்டையில் அது சேர்ந்திருப்பதைப் பல நாட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாட்டுக்கோழி முட்டை என்று ஆசையாகக் குழந்தைக்கு அவித்துக் கொடுக்கும் வீட்டில் இதை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

விறகடுப்பையே விட்டுவிடலாம் என்பவர்கள் உண்டு. வீட்டுப் புகையால் 2020-இல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுவதால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சிலிண்டர் விலையைப் பார்த்து வெந்நீரை விறகில் வைக்கும் வீடு நாளைக்கே மாறிவிடாது.

இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஈரம்தான் கவருக்குக் கைநீட்ட வைக்கிறது. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. அடுப்புச் சூட்டிலேயே சுள்ளியும் கொதும்பும் உலர்ந்துகொண்டிருக்கும். பரண் இல்லாத வீட்டில் ஒரு சாக்குப்பை போதும். ஜூன் மழைக்கு முன்னால் கொதும்பைப் பிளந்து, சில்லாட்டையோடு அதில் நிரப்பி, தீப்பொறி எட்டாத உயரத்தில் அடுப்பங்கரைச் சுவரில் தொங்கவிடுங்கள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து பழைய பொருள் வாங்கும் ஆக்கர்காரரிடம் போடுங்கள்.