புருவத்தில் நிரந்தர ஒப்பனை: இயந்திர ஊசியின் 'ஸ்ட்ரோக்' எவ்வளவு இருக்க வேண்டும்?

திருவனந்தபுரம்: மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்டல புற்றுநோய் மையத்திற்கு, கேரளத்தில் இருந்து மட்டுமின்றி கன்னியாகுமரி, திருநெல்வேலி போன்ற தமிழக மாவட்டங்களில் இருந்தும் நோயாளிகள் வருகின்றனர். கீமோதெரபி சிகிச்சையின்போது தலைமுடியோடு புருவமும் உதிர்வது உண்டு. தலையைத் துணியால் மூடிக்கொள்ளலாம். புருவம் இல்லாத முகத்தை மறைப்பது கடினம். சிகிச்சை முடிந்த பிறகும் புருவம் சரியாக வளராதவர்களும், புழுவெட்டால் அதை இழந்தவர்களும் நாடும் வழிகளில் ஒன்று, ஊசி இயந்திரத்தால் நிறமியைத் தோலில் பதிக்கும் நிரந்தர ஒப்பனை. அதன் விளைவு நன்றாக அமைவதில் 'ஸ்ட்ரோக்' எனப்படும் ஊசி நகர்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஸ்ட்ரோக் வேறு, ஆழம் வேறு:

இயந்திரத்தில் ஊசி மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே நகரும் தூரமே ஸ்ட்ரோக். மோட்டாரின் அச்சில் மையம் விலகிப் பொருத்தப்பட்ட சிறு சக்கரம் இதைத் தீர்மானிக்கிறது. 3 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஊசி தோலுக்குள் 3 மி.மீ. இறங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. புருவத்தில் ஊசி இறங்க வேண்டிய ஆழம் ஏறக்குறைய 0.5 முதல் 1 மி.மீ. வரை மட்டுமே. அந்த ஆழத்தை முடிவு செய்வது, ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவும், கலைஞரின் கை அழுத்தமும்தான்.

அப்படியானால் ஸ்ட்ரோக் எதை மாற்றுகிறது? ஊசி தோலைத் தாக்கும் வேகத்தை. நொடிக்கு 100 முறை குத்தும் இயந்திரத்தில், 2.5 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட ஊசியின் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 0.8 மீட்டர். 3.5 மி.மீ. ஆக மாற்றினால் அது 1.1 மீட்டராகிறது. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் உயர்வதால், 1 மி.மீ. கூடுதல் நகர்வு தாக்கத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிடுகிறது.

எதற்கு எந்த அளவு:

பவுடர் பூசியது போன்ற மென்மையான நிழலுக்கும், மெல்லிய தோலுக்கும் 2 முதல் 2.5 மி.மீ. வரையிலான குறுகிய ஸ்ட்ரோக் ஏற்றது. புருவ முடி போன்ற தெளிவான கோடுகளுக்கு 3 முதல் 3.5 மி.மீ. வரை பயன்படுத்தப்படுகிறது. 4 மி.மீ. மற்றும் அதற்கு மேற்பட்டவை உடலில் பச்சை குத்தும் தடித்த கோடுகளுக்கானவை. முகத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. ஒரே இயந்திரத்தில் எல்லாம் செய்ய விரும்பும் புதியவர்கள் 3 மி.மீ. அளவில் தொடங்குவது பாதுகாப்பான நடுவழி.

குறுகிய ஸ்ட்ரோக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊசியை அதிகமாக வெளியே நீட்டி வைத்தால், அது கார்ட்ரிட்ஜின் முனைக்குள் முழுமையாகத் திரும்பாது. நிறமியை எடுத்துவர முடியாமல், தோலை வெறுமனே இழுத்துக் கீறும். நிறம் பதியவில்லை என்று மீண்டும் மீண்டும் அதே இடத்தில் குத்தும்போதுதான் புண் உண்டாகிறது. கையின் வேகமும் கணக்கில் வர வேண்டும்: நொடிக்கு 100 குத்துகளில் கை 50 மி.மீ. நகர்ந்தால் புள்ளிகள் 0.5 மி.மீ. இடைவெளியில் விழும், பாதி வேகத்தில் அவை நெருங்கிக் கோடாகும்.

(மின்விசையால் பச்சை குத்தும் இயந்திரத்திற்கு அமெரிக்கர் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு வழிகாட்டியது, எழுத்துப் பிரதி எடுக்க எடிசன் உருவாக்கிய மின்பேனா.)

ஆழம் தவறினால்:

ஊசி தேவைக்கு மேல் இறங்கினால் நிறமி தோலடியில் பரவி, கோடு மங்கும். ஆழத்தில் உள்ள பழுப்பு நிறம், ஒளிச்சிதறலால் நீலச் சாம்பலாகத் தெரியும். இரத்தம் கசிந்தால் நிறமியும் வெளியேறிவிடும். தென்னிந்தியரின் மாநிறத் தோலில் காயம் பட்ட இடம் கறுத்துப்போகும் வாய்ப்பு அதிகம். கெலாய்டு தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்களுக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது சிறு குத்துக்காயமும் தொற்றாக மாறலாம். ஆகவே சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகே தேதி குறிக்க வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது. உறை பிரிக்கப்படாத புதிய கார்ட்ரிட்ஜையும், இரத்தமும் நிறமியும் இயந்திரத்திற்குள் திரும்பாமல் தடுக்கும் சவ்வு அதில் உள்ளதா என்பதையும் நாற்காலியில் அமரும் முன்பே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.