தூரத்தில் நிற்காத மேய்ப்பன்



ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் எதை விட்டு வந்தார்கள் என்பதையே நாம் அதிகமாகச் சொல்லுகிறோம். வீட்டை விட்டார்கள், சொந்த ஜனத்தை விட்டார்கள், சுகத்தை விட்டார்கள் என்கிறோம். அவர்கள் எதைப் பெற்றார்கள் என்று கேட்பது குறைவு. தொழுநோயாளிகளின் நடுவே ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஊழியம் செய்த தந்தை தமியானின் வாழ்க்கை அந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது.

தமியான் 1840-ல் பெல்ஜியம் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஹவாய்த் தீவுகளுக்குப் போகவேண்டியிருந்த அவருடைய அண்ணன் வியாதிப்பட்டதால், அவருக்குப் பதிலாகத் தமியான் கப்பல் ஏறினார். 1864-ல் ஹொனலூலு நகரில் குருவாக அபிஷேகம் பெற்றார்.

அந்நாட்களில் ஹவாயில் தொழுநோய் பரவிவந்தது. மருந்து கிடையாது. 1865-ல் ஒரு சட்டம் இயற்றி, நோய் கண்டவர்களை மொலோகாய் தீவின் ஒரு மூலையில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று பக்கம் கடல், நான்காம் பக்கம் செங்குத்தான மலை. அங்கே போனவர் வீடு திரும்புவதில்லை. தாயைப் பிள்ளையிடமிருந்தும், கணவனை மனைவியிடமிருந்தும் அந்தச் சட்டம் பிரித்தது. 1969-ல் இந்த ஏற்பாடு நீங்கும்வரை சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

அந்த மக்களுக்கு ஒரு மேய்ப்பன் வேண்டும் என்று ஆயர் கேட்டபோது, முன்வந்தவர்களில் தமியானும் ஒருவர். நான்கு குருமார் மாறி மாறிப் போய்வருவது என்பதே முதல் ஏற்பாடு. 1873 மே மாதம் முதலாவதாகப் போன தமியான், அங்கேயே தங்கிவிட்டார். தங்க வீடில்லாததால் முதல் நாட்களில் ஒரு தாழை மரத்தடியில் படுத்துறங்கினார்.

நோயாளிகளைத் தொடக்கூடாது, நெருங்கக்கூடாது என்பதே அக்காலத்து எச்சரிக்கை. ஆனால் தூரத்தில் நின்று ஆடுகளை மேய்க்க முடியாது என்பதைத் தமியான் சீக்கிரமே கண்டுகொண்டார். புண்களைக் கழுவிக் கட்டினார். சேப்பங்கிழங்குக் கூழை அவர்களோடு ஒரே பாத்திரத்தில் உண்டார். வீடுகள் கட்டினார், குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார், சவப்பெட்டிகளைத் தம் கையாலேயே செய்தார். பிரசங்கத்தில் ‘சகோதரரே’ என்று அழைக்காமல், ‘தொழுநோயாளிகளாகிய நாம்’ என்றே பேசுவதாக வந்த ஆண்டிலேயே அண்ணனுக்கு எழுதினார். அப்போது அவருக்கு நோய் இல்லை.

சிறிய காரியம் ஒன்றைக் கவனியுங்கள். நோய் முற்றியவர்களுக்கு அடிக்கடி எச்சில் துப்பவேண்டியிருந்தது. ஆலயத்தை அசுத்தப்படுத்தக் கூசி அவர்கள் வெளியே நின்றார்கள். தமியான் ஆலயத்தின் பலகைத் தரையில் துவாரங்கள் வெட்டினார்; அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். போதக ஊழியம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தத் துவாரங்களைக் காட்டலாம்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. பாவ அறிக்கை செய்ய இன்னொரு குரு அருகில் இல்லாதது அவரை மிகவும் வருத்தியது. ஒருமுறை அவருடைய மேலதிகாரி கப்பலில் வந்தபோது, கரையில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. தமியான் ஒரு படகில் கப்பலண்டை போய், கீழேயிருந்தபடியே, மற்றவர்கள் நடுவில் உரத்த சத்தமாய்த் தம் பாவ அறிக்கையைச் செய்தார். பின்பு 1884 டிசம்பரில் ஒருநாள் கொதிக்கும் நீர் காலில் பட்டது. தோல் வெந்தது, வலி தெரியவில்லை. நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் நோய் தமக்கும் வந்துவிட்டதை அறிந்துகொண்டார்.

பிரியமானவர்களே, அதன் பிறகு அவர் எழுதிய கடிதத்தில்தான், உலகத்திலேயே மிகவும் மகிழ்ச்சியான மிஷனெரி தாமே என்ற கருத்தை எழுதினார்! துன்பம் அவருக்கு இனித்ததென்று எண்ண வேண்டாம். தனிமையையும் மனச்சோர்வையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் தம் மக்களுக்கும் தமக்கும் நடுவே இனி எந்தச் சுவரும் இல்லை என்பதில் அவர் சமாதானம் கண்டார். சீஷத்துவத்தின் விலையும் அதன் சந்தோஷமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. விலை கொடுக்காமல் ஒதுங்கி நிற்பவனுக்கு அந்தச் சந்தோஷமும் கிடைப்பதில்லை.

அவர் தனியாக முடிக்கவும் இல்லை. லண்டனில் ஹியூ சாப்மன் என்ற ஆங்கிலிக்கன் குரு, சபை வேற்றுமை பாராமல் 1886-ல் அவருக்காக நிதி திரட்டி அனுப்பினார். அதே ஆண்டு ஜோசப் டட்டன் உதவிக்கு வந்து சேர்ந்தார். 1888-ல் அன்னை மரியான் கோப்பும் சகோதரிகளும் அங்கே வந்தார்கள். 1889 ஏப்ரல் 15, பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமை, 49-ஆம் வயதில் தமியான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இன்று தொழுநோய்க்கு நல்ல கூட்டு மருந்து உண்டு. ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காக உட்கொண்டால் குணமாகும். பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. தமியானின் நாட்டிலிருந்து வந்த மருத்துவர் பிரான்ஸ் ஹெமரிக்ஸ், நம் செங்கல்பட்டு மாவட்டத்துப் போலம்பாக்கத்தில் 1955-ல் தொழுநோய் மையம் தொடங்கி, கிராமத்து மரத்தடிகளிலேயே நோயாளிகளைப் பார்த்தார். ஆனால் மருந்து நோயைத் தீர்க்கும். ஒதுக்கப்பட்ட மனதின் காயத்தை, பக்கத்தில் வந்து உட்காரும் மனுஷர்தான் ஆற்றவேண்டும்.

உங்கள் ஜெபமும் காணிக்கையும் பலரைக் கட்டிலண்டை கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அதோடு நிற்காமல், இந்த மாதம் நீங்களே ஒரு வியாதியஸ்தரிடம் போய், அவர் கையைப் பிடித்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.

தமியானின் சரீரம் 1936-ல் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 1995-ல் அவருடைய வலது கை மட்டும் மொலோகாய்க்குத் திரும்பி வந்து, அவரது பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. அந்த மக்களைத் தொட்ட கை அது.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.