விவாகரத்து ஆனால் கிரீன் கார்டு போய்விடுமா?

"நான் கையெழுத்துப் போட்டால்தான் உனக்கு இந்த நாடு. இல்லையென்றால் அடுத்த ஃபிளைட்டில் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்." அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போன பெண்கள், சண்டை முற்றும்போது கேட்கிற வசனம் இது. கேட்பவர் கணவராக இருப்பதும் உண்டு. யார் யாரிடம் சொன்னாலும் இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால்தான் பலர் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள்.

முதலில் கார்டை எடுத்துப் பாருங்கள். பெயருக்குக் கீழே வகையைக் குறிக்கும் சிறிய குறியீடு இருக்கும். சிஆர்1, சிஆர்6 என்று 'சி' எழுத்தில் தொடங்கி, காலாவதித் தேதி இரண்டே ஆண்டில் வந்தால் அது நிபந்தனை கிரீன் கார்டு. வசிப்புரிமை கிடைத்த நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு நிறையாதவர்களுக்கு இதைத்தான் தருவார்கள். 2 ஆண்டு கடந்திருந்தால் நேரடியாக 10 ஆண்டுக் கார்டு. அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கிரீன் கார்டுக்காகவே நடக்கும் போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-இல் கொண்டுவந்த சட்டத்தின் விளைவு இது. இரண்டு ஆண்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற படிவத்தில் கையெழுத்திட்டுக் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் வசிப்புரிமை தானாகவே முடிவுக்கு வரும். மிரட்டலில் உண்மையான பாதி இதுதான்.

சேர்ந்து போட முடியாதவர் தனியாகவே அதே படிவத்தைப் போடலாம் என்பது மறைக்கப்படும் பாதி. இதை 'வேவர்', அதாவது விலக்கு, என்பார்கள். துணைவர் இறந்திருந்தால், கொடுமை செய்திருந்தால், நாடு கடத்தினால் தாங்க முடியாத இன்னல் நேரும் என்றால், அல்லது உண்மையாகச் செய்துகொண்ட கல்யாணம் விவாகரத்தில் முடிந்திருந்தால் இது கிடைக்கும். 90 நாள் கணக்கு இதற்குக் கிடையாது. கார்டு காலாவதியாகும் முன்பும் போடலாம், பின்பும் போடலாம்.

1986 சட்டத்தில் விவாகரத்து விலக்கு இப்போதுபோல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான் விவாகரத்தைக் கேட்டிருக்க வேண்டும், அதற்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கணவன் முந்திக்கொண்டு வழக்குப் போட்டால் மனைவி கதி அதோகதி! 1990-இல் அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். கொடுமைக்கு ஆளானவர்களுக்கான விலக்கைச் சேர்த்ததும் அப்போதுதான். இன்று யார் முதலில் கோர்ட்டுக்குப் போனார்கள், தப்பு யார் பேரில் என்பதெல்லாம் இந்த விலக்குக்கான தகுதியைத் தீர்மானிப்பதில்லை.

மனுவைப் பரிசீலிக்கும் குடியேற்ற அதிகாரி தேடுவது ஒன்றைத்தான்: தாலி ஏறிய அன்று இரண்டு பேருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா? 1975-இலேயே சான்ஃபிரான்சிஸ்கோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பின்னால் பிரிந்தார்கள் என்பதற்காக மட்டும் கல்யாணத்தைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

எண்ணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே காகிதம் பேச வேண்டும். நம் குடும்பங்கள் இடறுவது இங்கேதான். கல்யாண ஆல்பம் மூன்று கிலோ எடை இருக்கும். முகூர்த்தம், ரிசப்ஷன், நலங்கு என எல்லாம் இருக்கும். ஆனால் வீட்டு லீஸ், மின்கட்டணம், கார் இன்ஷூரன்ஸ் எல்லாம் கணவர் பெயரில் மட்டும். ஆல்பம் ஒரு நாளைக் காட்டும். அதற்குப் பிறகு நடந்த குடித்தனத்தைக் காட்டாது.

குடித்தனத்தைக் காட்டுபவை சாதாரணக் காகிதங்கள். இருவர் பெயரும் உள்ள லீஸ், ஜாயின்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட், ஒருவர் ஹெல்த் இன்ஷூரன்ஸில் மற்றவர் பெயர், ஒரே ஃபேமிலி பிளானில் ஓடிய போன், ஒரே கணக்கில் வாங்கிய இரண்டு காஸ்ட்கோ கடை உறுப்பினர் அட்டைகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். இருவரையும் தெரிந்த இரண்டு பேராவது உறுதிமொழிக் கடிதம் தரலாம். உறவு ஏன் முறிந்தது என்று நீங்களே நேர்மையாக எழுதும் விளக்கமும் வேண்டும். கவுன்சிலிங் போன ரசீது இருந்தால் அது தங்கம். காப்பாற்றப் பார்த்த கல்யாணத்தைப் போலி என்பது கடினம். கல்யாணப் பத்திரிகை, ஜாதகம் போன்று தமிழில் உள்ள எதை அனுப்பினாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் சான்றொப்பமும் கூடவே போக வேண்டும்.

வீட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்டவரிடம் இவை எதுவும் இருக்காது. அவர்களும் கைவிரிக்க வேண்டியதில்லை. சேர்ந்து வருமான வரி தாக்கல் செய்திருந்தால், அதன் விவரச் சுருக்கத்தை (டிரான்ஸ்கிரிப்ட்) வரித் துறையிடமிருந்து நீங்களே இலவசமாகப் பெறலாம். முன்னாள் துணைவரின் சம்மதம் வேண்டாம். ஜாயின்ட் அக்கவுண்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை வங்கியும் ஸ்டேட்மெண்ட் தரும்.

அடுத்த சிக்கல் நாள்காட்டி. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கார்டு காலாவதியானால்? கலிபோர்னியாவில் எவ்வளவு சுமுகமாகப் பிரிந்தாலும் 6 மாதம் காத்திருக்க வேண்டும்; டெக்சாஸில் குறைந்தது 60 நாள். ஆனால் விவாகரத்து அடிப்படையிலான விலக்குக்கு இறுதி டிக்ரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) கட்டாயம். டிக்ரி வராமலே மனு போட்டால், அதைக் கேட்டுக் கடிதம் வரும். வழக்கமாக 87 நாள் அவகாசம். அதற்குள்ளும் வராவிட்டால் மனு நிராகரிக்கப்பட்டு, விஷயம் குடியேற்ற நீதிபதியிடம் போகும். அங்கேயும் வாதாடலாம், கதை முடிந்துவிடாது. ஆனாலும் கார்டுத் தேதி நெருங்கும்போது பிரிவு உறுதி என்று தெரிந்தால், விவாகரத்து வழக்கை நாள் கடத்தாமல் நடத்துவதே புத்திசாலித்தனம். சேர்ந்து போட்ட மனு நிலுவையில் இருக்கும்போது விவாகரத்து ஆனால் புது மனு வேண்டாம். டிக்ரியைக் கொடுத்து அதையே விலக்கு மனுவாக மாற்றக் கேட்கலாம்.

அடி, உதை, பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, பாஸ்போர்ட்டை ஒளித்துவைப்பது என்று வதைபடுபவர் டிக்ரிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கொடுமை விலக்கைக் கல்யாணம் நீடிக்கும்போதே கேட்கலாம். 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி மற்றவர்களுக்கு 750 டாலர். இவர்களுக்குக் கட்டணம் இல்லை. உடலில் காயம் இருந்தால்தான் கொடுமை என்று சட்டம் சொல்லவில்லை.

மனு போய்ச் சேர்ந்ததும் ஒரு ரசீதுக் கடிதம் வரும். 2023 ஜனவரியிலிருந்து அந்த ஒற்றைத் தாள் பழைய கார்டை 48 மாதம் நீட்டிக்கிறது. ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது சென்னை விமான நிலைய கவுன்ட்டரில் காலாவதியான கார்டை மட்டும் நீட்டினால் நிறுத்திவிடுவார்கள். கடிதத்தின் அசலையும் கைப்பையிலேயே வைத்திருங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

ஊரில் கல்யாணம் செய்தவர்களுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அமெரிக்க டிக்ரி கிரீன் கார்டுக்குப் போதும். இந்தியாவில் மறுமணம் செய்யப் போதாமல் போகலாம். திருப்பதியில் கல்யாணம் செய்த ஒருவர் மிசௌரியில் பெற்ற விவாகரத்தை 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணம், மனைவி அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படாதது போன்றவை அந்தத் தீர்ப்பில் எடைபோடப்பட்டன. இருவரும் மனமொத்து இந்தியாவில் பிரிவதென்றால் ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். பிறகு 6 மாதக் காத்திருப்பு. இந்த 6 மாதத்தைத் தக்க வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது.

விலக்கு கிடைத்துவிட்டால் 10 ஆண்டுக் கார்டு. குடியுரிமைக்கு மட்டும், விவாகரத்து விலக்கு பெற்றவருக்கு 3 ஆண்டுச் சலுகை போய், எல்லோரையும்போல 5 ஆண்டு. நிபந்தனைக் காலமும் அந்தக் கணக்கில் சேரும். ஸ்பான்சர் செய்தபோது துணைவர் எழுதிக்கொடுத்த பராமரிப்பு உறுதிமொழியும் விவாகரத்தால் ரத்தாகாது. மிரட்டியவருக்கே இது தெரியாமல் இருக்கலாம்!

இன்று சண்டை எதுவும் இல்லாமல் நிபந்தனைக் கார்டோடு இருப்பவர்களும் ஒரு காரியம் செய்யலாம். லீஸ், வரித் தாக்கல், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். பிரச்சினை தொடங்கிவிட்டவர்கள் கார்டையும் கல்யாணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு முதலில் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள், தெரிந்தவரின் தெரிந்தவரை அல்ல.